விபூதி போட்டுத் துடைத்த லென்ஸ்

நம் கல்லூரியின் பழைய மாணவர் மலருக்கு விடுதி வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை தரும்படி என்னைக் கேட்டிருந்தீர்கள். விடுதிப் பருப்பைப் பற்றியும் மேற்பார்வையாளரின் பிரம்பைப் பற்றியும் என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது, விடுதிக்கு வருவதற்கு முந்தைய சில மாதங்களைப் பற்றி.

முதல் தவணை முழுவதும் நான் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை உங்களில் சிலர் இன்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு. பெரியவாத்தியார் மகனுக்குத் தலைக்கனம் என்று அப்போது முடிவு செய்தீர்கள். நான் மறுக்கவில்லை. உண்மை வெளியே தெரிவதைக் காட்டிலும் தலைக்கனம் பிடித்தவன் என்ற பெயர் எனக்கு வசதியாக இருந்தது. அது தலைக்கனம் அன்று, பயம். பிற்காலத்தில் நானும் ஒரு பாடசாலை அதிபராகி, கண்டிப்பானவன், கைசுத்தமானவன் என்று பெயரெடுத்தேன். அந்தப் பெயரைக் கவனமாகவே காத்து வந்திருக்கிறேன், அதற்காக வெட்கப்படவுமில்லை. ஆனால் தலை நரைத்த பின்னும் சில பிற்பகல்களில், அலுமாரிச் சாவி திரும்பும் ஓசை கேட்டால் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, போர்க்காலம். எனக்குப் பன்னிரண்டு வயது. கஹவத்தைக்கு மேலே, றப்பரும் தேயிலையும் கலந்து கிடந்த ஒரு தோட்டத்தின் பாடசாலைக்கு என் தந்தை தலைமையாசிரியர். 'பெரியவாத்தியார்' என்றால் எல்லா டிவிசனுக்கும் அவர் ஒருவரே. அவர் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து விட்டு நான் பார்த்ததில்லை. அவர் பிரம்பு பிடித்தும் நான் பார்த்ததில்லை. தவறு செய்தவனை அவர் ஒருமுறை பார்ப்பார். பிறகு நாள்கணக்கில் பார்க்கமாட்டார். அந்தப் பார்க்காமைக்குத்தான் பள்ளிக்கூடம் முழுவதும் அஞ்சியது.

அவரிடம் ஒரு கெமரா இருந்தது. தோட்டத்தை நிர்வகித்து, வேலையை விட்டு வெளிநாடு சென்ற துரை ஒருவர், தம் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்ததற்காக விட்டுச்சென்றது. தோல் உறையைத் திறந்தால் புதுச் சப்பாத்தின் வாசனை வரும். எங்கள் பக்கத்து மழை நீங்கள் அறியாததல்ல: தொங்கவிட்ட இடைவாரில் ஒரு வாரத்தில் பச்சை படரும், புத்தக அட்டை காளானைப் போல உப்பும். ஆகவே அப்பா, வறுத்த அரிசி நிரப்பிய பால்மா டின்னுக்குள் அந்தக் கெமராவைத் துணி சுற்றிப் புதைத்து, அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டியிருந்தார்.

அந்த ஆண்டு அந்தக் கெமராவுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. தோட்டத்தில் பலரிடம் அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டத்தின் சம்பளப் பதிவான செக்ரோலில் வேறொரு பெயர் என்று கிடந்ததையெல்லாம் இரண்டு ஆண்டு அலைந்து அப்பா சரிசெய்திருந்தார். இனி வேண்டியது புகைப்படம் மட்டுமே. ஸ்டூடியோவுக்கு நகரத்துக்குப் போகவேண்டும். நகரத்துக்குப் போனால் வழியில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்பார்கள். அட்டை எடுக்கவே அட்டை வேண்டியிருந்தது. "யாரும் எங்கேயும் போக வேண்டாம். நானே எடுக்கிறேன்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

அந்தப் பட்டியலில் முப்பத்து நான்கு பேர். முப்பத்து நான்காவது பெயர் என் மாமாவுடையது. அம்மாவின் ஒரே தம்பி. இருபத்து நான்கு வயது. கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலை. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவரை, அட்டை இல்லை என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மாமா அன்றைக்குத் தற்செயலாகக் கடையிலேயே தங்கியிருந்ததால் தப்பினார். மறுநாளே ஊருக்கு வந்துவிட்டார். அட்டை கைக்கு வராமல் திரும்பிப் போகக்கூடாது என்று அம்மா அவர் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

இனி என் பங்கு.

தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் இல்லை. மாலை நான்கு மணிக்கு லாம்புச் சிம்னிகளைத் துலக்குவது என் வேலை. அடுப்புச் சாம்பலைச் சலித்து, ஈரத்துணியில் தொட்டு, கண்ணாடியின் உட்புறத்தை வட்டவட்டமாகத் தேய்த்து, பிறகு பழைய பத்திரிகைத் தாளால் துடைத்தால் சிம்னி இருப்பதே தெரியாது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. புகைப்படம் எடுப்பதற்கு நான்கு நாட்களுக்கு முன், அப்பா கெமராவை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அதிபர்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். லென்ஸின் மீது யாரோ மூச்சு விட்டதுபோல ஒரு மங்கல் இருந்தது. அவர் காலையில் அதைப் பார்த்து முகம் சுளித்ததை நான் கவனித்திருந்தேன்.

அவர் திரும்பி வரும்போது அது பளிச்சென்று இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அடுப்புச் சாம்பல் லாம்புக்குச் சரி; துரை கொடுத்த பொருளுக்கு அது மரியாதையல்ல என்று தோன்றியது. சாமித் தட்டில் கதிர்காமத்து விபூதி இருந்தது. அதை அம்மாவின் வொயில் சேலைத் துண்டில் சலித்தேன். மாவைவிட மென்மையாக இருந்தது. ஈரத்துணியில் தொட்டு, ஆள்காட்டி விரலால், வட்டவட்டமாக, பொறுமையாகத் தேய்த்தேன். மங்கல் குறைந்ததுபோல் இருந்தது. ஜன்னலருகே சாய்த்துப் பார்த்தபோது, கண்ணாடி முழுவதும் மயிரிழை போன்ற வட்டங்கள் வெளிச்சத்தில் எழுந்து மறைந்தன. முன்பு மேற்பரப்பில் இருந்த ஊதா மினுக்கம் நடுவில் காணாமல் போயிருந்தது.

பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு, கெமராவை இருந்த இடத்தில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாடசாலைச் சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி அதன் முன்னே உட்கார ஒரு மர வாங்கு போடப்பட்டது. முப்பத்து நான்கு பேரும் திருவிழாவுக்கு வருவதுபோல வந்திருந்தார்கள். மாமா வரிசையை ஒழுங்குபடுத்தினார்.

"அய்யா, சிரிக்கலாங்களா?" என்று கேட்டார் ஒரு கொழுந்துக்கார அக்கா.

"சிரிக்கக் கூடாதுக்கா. கவுர்மேந்துக்குச் சிரிப்பு ஆகாது" என்றார் மாமா. "பெரட்டுல கங்காணி பேர் கூப்புடுறப்ப முழிப்பீங்கல்ல, அந்த முழி போதும்."

"ஒன் மூஞ்சிக்குச் சிரிச்சாலும் ஒன்னுதான், முழிச்சாலும் ஒன்னுதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாகூட உதட்டை இறுக்கிக்கொண்டார். இடையில் தூறல் விழுந்தது. லென்ஸில் இரண்டு துளி பட்டதும் மாமா ஓடிப்போய்த் தம் சட்டையின் கீழ்நுனியால் அதை ஒற்றினார். "கவனம், மாப்ள" என்றார் அப்பா. அவ்வளவுதான் நடந்தது. ஒற்றியதை நான் மிக அருகில் நின்று பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து நகரத்து ஸ்டூடியோவிலிருந்து படங்கள் வந்தன. முப்பத்து நான்கு முகங்களும் பனிமூட்டத்துக்குள் நின்றன. வெள்ளை வேட்டியின் வெளிச்சம் முகங்களுக்கு மேல் வழிந்து, கண்ணும் மூக்கும் கரைந்திருந்தன. பொட்டு வைத்தவர்களைப் பொட்டால் அடையாளம் காண முடிந்தது. அப்பா படங்களை மேசையில் பரப்பி நெடுநேரம் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஸ்டூடியோக்காரன் மருந்தைக் கெடுத்துட்டான்" என்றார் கடைசியில்.

"மொகமே தெரியலீங்களே" என்றார் அம்மா.

"தெரியுது. உத்துப் பாத்தா தெரியுது. நான் கையெழுத்துப் போட்டு அனுப்புறேன். பெரியவாத்தியார் கையெழுத்துக்கு ஒரு மதிப்பிருக்கு."

இன்று எனக்கு விளங்குகிறது: அந்தப் படங்கள் போதாது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. "நானே எடுக்கிறேன்" என்று சொன்ன வாயால், "எல்லாரும் ஸ்டூடியோவுக்குப் போங்க" என்று அவரால் சொல்ல முடியவில்லை. விண்ணப்பங்கள் கொழும்புக்குப் போயின.

அவை போன மூன்றாம் வாரம், வேலைக்குப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டு நேரத்தில், இராணுவ ஜீப் ஒன்றும் டிரக் ஒன்றும் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பாதையில் ஏறின. வாலிபர்கள் எல்லோரையும் விளையாட்டு மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். அட்டை உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் மறுபக்கம். மாமா மறுபக்கம் நின்றார். பாடசாலை ஜன்னலிலிருந்து நான் அவருடைய முதுகை மட்டும் கண்டேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா வேலியைப் பிடித்தபடி, "தம்பி, தம்பி" என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அப்போதைய துரை வந்து, எல்லோரும் தம் தோட்டத்து ஆட்களே என்று உறுதி சொன்ன பிறகுதான் விட்டார்கள். புறப்படுமுன் அதிகாரி சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார்: அடுத்த முறை வரும்போது அட்டை இல்லாதவர்கள் டிரக்கில் ஏறவேண்டியிருக்கும்.

அதற்கு அடுத்த நாள் முப்பத்து நான்கு விண்ணப்பங்களும் திரும்பி வந்தன. முகம் தெளிவில்லை என்று ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

அன்றிலிருந்து நான் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. லயத்துப் பக்கம் போகும்போது, யார் எதிரே வந்தாலும் அந்த முகம் படத்தில் எத்தனையாவது என்று மனம் எண்ணியது. வாகனச் சத்தம் கேட்டால் கழிப்பறைக்கு ஓடினேன். பூச்சி மருந்து கொடுக்கவேண்டும் என்றார் அம்மா.

படத்தைக் கழுவிய ஸ்டூடியோக்காரர் அப்பாவின் வசவைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேர், குத்தம் லென்ஸ்ல" என்று சொல்லியனுப்பியிருந்தார். லென்ஸைத் திருத்துபவர்கள் கொழும்பில்தான் இருந்தார்கள். ஆனால் இரத்தினபுரியில் மாணிக்கக் கல் வெட்டும் முஸ்லிம் நானா ஒருவர், துரைமாரின் தூரக்கண்ணாடிகளைக் கழற்றித் துப்புரவு செய்வார் என்றும் அவரே சொல்லியிருந்தார். அப்பா துரையிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை புறப்பட்டார். என்னையும் வரச்சொன்னார். பிள்ளையோடு போகும் மனிதனைச் சோதனைச் சாவடியில் அதிகம் குடைய மாட்டார்கள் என்பது அம்மாவின் யோசனை.

கெமராவை வாழைக்காய்ப் பைக்கு அடியில் வைக்கலாம் என்றார் அம்மா. "மறைச்சாத்தான் சந்தேகம்" என்று அப்பா அதைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். தமிழர் ஒருவர் அந்தக் காலத்தில் கழுத்தில் கெமராவோடு பயணம் செய்வது என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வழியில் எல்லோரும் இறங்கி நடக்கவேண்டிய இடம் வந்தது. வரிசையில் எங்கள் முறை வந்தபோது, மீசை முளைக்காத ஒரு சிப்பாய் கெமராவைத் தொட்டுக் காட்டி, "மொகத மே?" என்றான். என்ன இது. அப்பா தம் இலக்கணச் சுத்தமான சிங்களத்தில், இது பழுது, திருத்தப் போகிறோம் என்று சொல்லிக் கடிதத்தை நீட்டினார். அவன் கடிதத்தை வாங்கவில்லை. கெமராவைக் கழற்றச் சொன்னான். கண்ணில் வைத்தான். மெல்லத் திரும்பி, அதை என் பக்கம் நீட்டினான்.

"மல்லி, ஹினாவென்ன" என்றான். தம்பி, சிரி.

என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அவன் என் விரலை, விபூதியை, அம்மாவின் சேலைத் துண்டை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பினேன். கால் வழியே வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. மழை பெய்துகொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அவன் கெமராவை இறக்கினான். ஒன்றும் தெரியவில்லை, மூடுபனி மாதிரி இருக்கிறது என்று பக்கத்தில் நின்றவனிடம் சிங்களத்தில் சொன்னான். பழுது என்று அப்பா சொன்னது உண்மைதான். போகச் சொன்னான்.

கல் வெட்டும் நானாவின் பட்டறை கடைத்தெருவின் பின்புறம், படிகளுக்குக் கீழே இருந்தது. வெள்ளைத் தொப்பி, மெலிந்த உடல், விரல்நுனியெல்லாம் வெள்ளைத் தூசி. ஒரு கையால் வில்லை இழுத்துச் சக்கரத்தைச் சுழற்றி, மறுகையால் கல்லை அதன்மேல் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நிறுத்தினார்.

"இரிங்க சேர். நல்லா நனஞ்சிட்டீங்களே."

லென்ஸைக் கழற்றி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவருடைய கையை மட்டுமே பார்த்தேன்.

"இதுல ரெண்டு நோய் ஈக்குது சேர். உள்ளுக்குப் பூஞ்சணம். அது எனக்கு லேசு. வெளிய ஈக்கிறது வேற."

"வேற என்ன?"

"மேல தேச்சிருக்கு."

"யாரு?"

நானா பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு அப்பாவிடம், "நீங்க போய் பிலிம் வாங்கிட்டு வாங்கோ. அதுக்குள்ள கழட்டிப் பாக்கிறேன். மகன் இருக்கட்டும், எனக்கு வெளக்குப் பிடிக்க ஆள் வேணும்" என்றார்.

அப்பாவின் சப்பாத்துச் சத்தம் படியேறி மறைந்ததும், நானா பூதக்கண்ணாடியை என் கண்ணில் வைத்தார்.

"பாரு மகன்."

ஆயிரம் வட்டங்கள். உழுத வயலைப் போல.

"துணியால தொடச்சா கோடு குறுக்கால போகும். இது வட்டம். பொடி போட்டுத் தேச்சது. வெரலும் சின்ன வெரல்." அவர் குரலை உயர்த்தவில்லை. "என்ன பொடி?"

"துன்னூறு" என்றேன். அழுதேன்.

அவர் சிரிக்கவில்லை. சக்கரத்தின் பக்கத்தில் கிடந்த செப்புத் தட்டைக் காட்டினார். அதில் சாம்பல் நிறச் சேறு. "இது என்ன தெரியுமா? உமிச் சாம்பல். நானும் சாம்பலாலதான் நீலக்கல்ல மினுக்குறேன். கல்லு தாங்கும். இந்தக் கண்ணாடிக்கு மேல மெல்லிய பூச்சு ஒண்டு ஈக்குது, தோல் மாதிரி. அது தாங்காது. ஒனக்கு எப்பிடித் தெரியும், பாவம். வாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அடிப்பாரா?"

"அடிக்க மாட்டாரு."

"அப்ப என்ன பயம்?"

நான் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தேன்.

"பஸ்ல போகக்குள்ள சொல்லிரு. ஆக்கள் ஈக்கிற எடத்துல வாப்பாமார் சத்தம் போடமாட்டாங்க. நான் சொல்றதில்ல. நீ சொன்னாத்தான் அழகு."

அப்பா திரும்பியபோது லென்ஸ் துண்டு துண்டாகத் துணியில் கிடந்தது. உட்பக்கப் பூஞ்சணத்தை நானா சாராயத்தில் நனைத்த மஸ்லினால் துடைத்தெடுத்தார். வெளிப்பக்கத்தைச் சாணையில் பிடித்து மினுக்க முடியாதா என்று அப்பா கேட்டார். "மினுக்கலாம் சேர். மினுக்கினா மோதிரத்துல பதிக்கலாம். படம் எடுக்க ஏலாது" என்றார். பிறகு ஆட்டுமயிர்த் தூரிகையின் ஒற்றை மயிரில் கறுப்பு மை தொட்டு, ஆழமான கீறல்களை மட்டும் ஒவ்வொன்றாக நிரப்பினார். கீறல் வெளிச்சத்தைப் பிடித்துச் சிதறடிக்காதபடி அதைக் குருடாக்குகிறார் என்று அப்பாவுக்கு விளக்கினார். கறுத்த மட்டையில் ஒரு குழல் செய்து லென்ஸின் முன்னால் மாட்டினார்.

"இனி வெள்ளத் துணிய பின்னால கட்ட வேணாம். கறுத்தது கட்டுங்கோ. முகம் வரும்."

பஸ் புறப்பட்டது. நான் "அப்பா" என்று தொடங்கினேன். அவர் அன்று அரிதாகவே மலர்ந்திருந்தார். என் பக்கம் திரும்பி, "தேச்சது யாருன்னு இப்பத்தான் ஞாபகம் வருது. அன்னைக்கு உன் மாமன் சட்டையால தொடச்சான். நீ பக்கத்துலதானே நின்ன? பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன்" என்றேன்.

நான் சொன்னது பொய்யல்ல.

வீட்டு வாசலில் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள், லென்ஸ் சரியாயிற்றா என்று கேட்க. அவர்கள் முன்னிலையில் அப்பா மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "முப்பத்து நாலு பேரு மொகத்தையும் கெடுத்தது நீங்கதான் மாப்ள. ஒரு சட்டை நுனி."

மாமா புரியாமல் விழித்தார். பிறகு குனிந்து தம் சட்டையின் கீழ்நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தூறல் விழுந்திச்சுங்களே மச்சான்... அதான் தொடச்சேன்."

"ஏன் தம்பி, உன்ன யாரு தொடைக்கச் சொன்னது?" என்று அம்மா வெடித்தார். "உன் தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டியே!"

மாமா மறுக்கவில்லை. தாம்தான் செய்தோம் என்று அவர் நம்பிவிட்டார். இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும்: அவர் எனக்காகப் பழியைச் சுமக்கவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது. நான் வாசற்படியில் நின்று, கட்டாத சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள், கொழுந்தெடுப்பவர்கள் மழைக்குப் போர்த்தும் கறுத்தக் கம்பளி ஒன்றைச் சுவரில் கட்டினார்கள். மாமா வேடிக்கை பேசவில்லை. கம்பளியின் தொங்கிய மூலையைப் பிடித்தபடி ஓரமாக நின்றார். "என்னாலதானே எல்லாரும் ரெண்டாந்தரம் வர்றாங்க. நான் கடைசியில நிக்கிறேன்" என்றார். பிலிமில் முப்பத்தாறு படம். முதல் படம் குழல் சரியா என்று பார்ப்பதற்குப் போயிற்று. ஒரு கிழவர் தும்மினார். அந்தக் கொழுந்துக்கார அக்கா பழைய நினைவில் சிரித்துவிட்டார். இருவரையும் மறுபடி எடுத்தார்கள். முப்பத்து மூன்றாவது ஆள் எழுந்து, மாமா வாங்கில் உட்கார்ந்தபோது பிலிம் சுற்றும் நெம்பு அசையவில்லை.

"பரவால்ல மச்சான். அடுத்த ரோல்ல எடுப்போம்" என்றார் மாமா.

படங்கள் தெளிவாக வந்தன. அப்பா அவற்றைப் பாடசாலைக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டினார். அடுத்த பிலிம் வாங்குவதற்குள் இரும்புக் கடை முதலாளியின் கடிதம் வந்தது. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்றிருந்தது. அம்மா போகவேண்டாம் என்றார். மாமாவுக்கோ அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முகமில்லை. அப்பா பாடசாலைத் தாளில், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், இவர் என் மைத்துனர், நன்னடத்தை உள்ளவர் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். "இது போதும். யாரும் கேட்டா காட்டுங்க" என்றார். அதை அவர் நம்பியே சொன்னார்.

மாமாவின் பையை பஸ் வரை நான்தான் தூக்கிச் சென்றேன். அவர் குனிந்து என் கன்னத்தைத் தட்டினார்.

"ஏன்டா மூஞ்சி இப்பிடித் தொங்குது? நான் என்ன சண்டைக்கா போறேன்? கடைக்குப் போறேன்."

சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார். தாம் குற்றவாளி அல்ல என்று தெரிந்தால், அடுத்த பிலிம் வரும்வரை அந்த வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். எனக்கு இது அன்றே தெரியும். பன்னிரண்டு வயதுக்கு எல்லாம் தெரியும். பஸ் வந்தது. நான் பையை உள்ளே தள்ளினேன்.

மூன்றாம் நாள் அவரைப் பிடித்தார்கள். பெரியவாத்தியாரின் தாளை யாரும் வாசிக்கவில்லை.

செய்தி வந்த அன்று, பாடசாலை அலுவலகத்தில் அப்பா தனியாக இருந்தபோது உள்ளே போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விபூதி, சேலைத் துண்டு, வட்டம், நானா. அப்பா மேசையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியை எடுத்து, இரண்டாக ஒடித்து, இரண்டையும் பெட்டிக்குள் வைத்தார். நான் எதிர்பார்த்த பார்வை வரவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துத்தான் பேசினார்.

"அம்மாகிட்ட சொல்லாதே. யாருகிட்டயும் சொல்லாதே. நாலு பேர் முன்னால நான் அவரைச் சொல்லிட்டேன்."

அடுத்த தைமாதம் என்னை உங்கள் விடுதிக்கு அனுப்பினார். என்னைக் காப்பாற்ற அனுப்பினாரா, தம்மைக் காப்பாற்றவா என்று நான் கேட்டதில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம்.

மாமா ஐந்து மாதம் கழித்து வந்தார். அந்த ஐந்து மாதத்தில் அப்பா எத்தனை கதவு தட்டினார் என்பது தனிக்கதை. அதில் அவர் குறை வைக்கவில்லை. மாமாவின் இடது காது கேட்கவில்லை. அதன் பிறகு அவர் கொழும்புக்குப் போகவில்லை. தோட்டத்திலேயே றப்பர் வெட்டினார், அங்கேயே மணம் முடித்தார். வாகனம் ஏறி வரும் சத்தத்தை மற்றவர்களுக்குப் பின்னால்தான் அவர் கேட்பார். ஆனால் கேட்டதும் எழுந்து நிற்பார். அம்மா அவருக்கு எல்லாம் செய்தார், ஒன்றைத் தவிர. ஏதேனும் குறை வரும்போதெல்லாம், "உன் கையால நீயே கெடுத்துக்கிட்டது, தம்பி" என்பதைச் சொல்லாமல் விட்டதில்லை. மாமா ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொள்வார். முப்பது ஆண்டுகள் அந்தக் குனிவை நான் பார்த்தேன். நான் அதிபராகி, மாலையோடு நின்ற அவருடைய மகளின் திருமண மேடையிலும் அதைப் பார்த்தேன்.

அப்பா காலமாகி ஆறாண்டு ஆகிறது. அவருக்குக் கொடுத்த வாக்கு என்று இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் எழுதி முடித்து, மலருக்கு அனுப்புமுன், சென்ற ஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். அப்பா போனபின் அம்மா மாமா வீட்டில்தான் இருக்கிறார். மாமாவின் வலப்பக்கம் உட்கார்ந்து, கேட்கும் காதுக்கு அருகில், மேலே உள்ளதை முழுவதும் வாசித்தேன். அவர் முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"படிச்சு முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன் மாமா."

"நல்லாத்தான் எழுதியிருக்க." திண்ணைக்கு ஏற வந்த கோழியைக் கையால் விரட்டினார். "எனக்கு எதுக்குப் படிச்சுக் காட்டுற? அந்த அஞ்சு மாசத்தத் திருப்பித் தரவா போற? எங்க அக்கா உள்ளுக்கு அரிசி பொறுக்கிக்கிட்டு இருக்கு. போ. அதுகிட்டப் படி."

"அம்மாவுக்கு வயசாச்சு மாமா. நெஞ்சு வலி வேற..."

"எனக்கும் வயசாச்சு. போ."

ஆயிரம் பிள்ளைகள் எழுந்து நிற்கும் மண்டபங்களுக்குள் நான் நுழைந்திருக்கிறேன். அந்த இரண்டடி வாசலில் செருப்பைக் கழற்றி, மறுபடி நேராக்கி வைத்து, பிறகே உள்ளே போனேன். அம்மா சுளகை மடியில் வைத்து, கண்ணாடி மூக்கில் வழிய, கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாய்யா. கையில என்னா காயிதம்?"

தாளைப் பிரித்தேன். எழுத்துகள் ஒன்றும் தெரியவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அந்த லென்ஸ மாமா கெடுக்கல. நான்தான் துன்னூறு போட்டுத் தேச்சேன். முன்னாலயே. அப்பாவுக்கும் தெரியும்."

சுளகில் அவருடைய கை நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, முற்றத்தைப் பார்த்து, காது கேளாத ஒருவருக்குக் கேட்கும்படி உரக்க அழைத்தார்.

"தம்பி! தம்பி, இங்க வா."

மாமா உள்ளே வந்தார். நான் எழுந்து இடம் விட்டேன்.